எட்டுக்கால் பூச்சி: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலும் தோட்டத்திலும் வயலிலும் கண்ணில் படும் சிலந்திகளைப் பற்றி அக்கம்பக்கத்தாரும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நான் பேராசிரியர் இல்லை. சிலந்தி பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. பிடித்த சிலந்தி பேச்சில் வந்தால் பதில் நீண்டுவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அது என்ன? கடிக்குமா?

நம் ஊரில் அதிகமாகத் திட்டு வாங்கும் சிலந்தி இதுதான். அறிவியல் பெயர் ஹெட்டரோபோடா வெனடோரியா. வலை பின்னாது, இரவில் சுவரில் சுற்றி வேட்டையாடும். உடம்பு 2, 3 சென்டிமீட்டர்தான். கால்களை விரித்தால் 10 சென்டிமீட்டர் வரை வரும். தட்டையான உடம்பு என்பதால் பகல் முழுக்கக் காலண்டருக்குப் பின்னாலோ கதவு இடுக்கிலோ ஒளிந்துகொள்ளும். பக்கவாட்டில் ஓடும், எந்தப் பக்கம் ஓடும் என்றும் சொல்ல முடியாது. பயத்தில் பாதி அந்த ஓட்டத்தால் வருவது.

ஆசியாவைச் சேர்ந்த இந்தச் சிலந்தி கப்பல் சரக்கோடும் வாழைத்தாரோடும் பயணம் செய்து வெப்ப நாடுகள் முழுக்கக் குடியேறிவிட்டது. சில சமயம் மார்புக்கு அடியில் வெளிர் நிறத்தில் வில்லை போல ஒன்றைச் சுமந்துகொண்டு திரியும். அது முட்டைப் பை. குஞ்சு பொரிக்கும் வரை தாய் அதைக் கீழே வைப்பதில்லை.

கையில் பிடித்து அழுத்தினால் கடிக்கும். வலிக்கும், கொஞ்சம் வீங்கும், அப்புறம் அடங்கிவிடும். இதற்கு மிகப் பிடித்த சாப்பாடு கரப்பான் பூச்சி. கரப்பான் மருந்துக்கு மாதாமாதம் செலவழிக்கிற வீட்டில் இதை விளக்குமாற்றால் அடிப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

காலையில் எழுந்தால் கழுத்தில் கோடு இழுத்த மாதிரி எரிச்சலும் கொப்புளமும். எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது என்கிறார்கள். உண்மையா?

இல்லை. சிலந்தியின் கழிவு வெள்ளையாகப் பசை போல இருக்கும். தோலில் பட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் கொப்புளம் பொய்யில்லை. அதற்குக் காரணமான ஆள் வேறு. பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

முதலாவது, பேடெரஸ் என்ற வண்டு. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம், மெல்லிய உடம்பு, கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறி. பார்த்தால் வண்டு என்றே தோன்றாது, நீண்ட எறும்பு என்றுதான் நினைப்போம். தொந்தரவு செய்தால் வால் பக்கத்தைத் தூக்கும். ஈர நிலத்திலும் நெல் வயலிலும் வாழும். மழைக்காலத்தில் டியூப்லைட் வெளிச்சத்துக்கு வீட்டுக்குள் வரும். கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊரும்போது நாம் தூக்கத்தில் தேய்த்து நசுக்குகிறோம். அதன் உடம்புக்குள் இருக்கும் பெடெரின் என்ற நச்சு தோலில் இழுபடுகிறது. தேய்த்த கை எந்த வழியில் போனதோ அந்த வழியிலேயே கோடு விழும். பட்ட உடனே தெரியாது. அரை நாளிலிருந்து இரண்டு நாள் கழித்துத்தான் எரியும். அதற்குள் வண்டு எங்கேயோ போயிருக்கும், சுவரில் சிலந்தி மட்டும் உட்கார்ந்திருக்கும். பழி அதன் மேல் விழுந்துவிடுகிறது. இந்த வண்டு மேலே ஊர்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள், இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கழுவாத கையைக் கண்ணில் வைக்க வேண்டாம்.

இரண்டாவது, அக்கி. சின்ன வயதில் அம்மை போட்ட அதே வைரஸ் நரம்பில் பதுங்கியிருந்து பல வருடம் கழித்துக் கிளம்புவது. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும். கொப்புளத்துக்கு முன்பே அந்த இடம் எரியும், குத்தும். கிராமங்களில் குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதுவார்கள். எழுதுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வைரஸ் மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். அக்கி எழுதுவதில் அந்த மூன்று நாளும் போய்விடுவதுதான் சிக்கல். கண்ணுக்குப் பக்கத்திலோ நெற்றியிலோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

இரவில் ஏதோ கடித்தது. பார்க்கவில்லை. சிலந்தியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடலாமா?

விடக்கூடாது. இந்தப் பக்கத்தில் அந்த நினைப்பு உயிருக்கே ஆபத்து. தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. கடிவாய் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். சில மணி நேரத்தில் வயிற்றுவலி, இமை தொங்குவது, பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை என்று வரும். கடித்தது பூச்சியா பாம்பா என்று தெரியாமல் இந்த அறிகுறிகளில் ஒன்று வந்தாலும் ஜிப்மரோ மாவட்ட அரசு மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே உடனே போங்கள். வேப்பிலை அடிப்பது, கீறிவிடுவது எல்லாம் வேண்டாம். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டு தூங்கினால் கட்டுவிரியன், பூரான், தேள் மூன்றையும் தள்ளி வைக்கலாம்.

அப்போது நம் ஊரில் ஆளைக் கொல்லும் சிலந்தியே கிடையாதா?

ஏறக்குறைய எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு. ஈயையும் கொசுவையும் அடக்குவதற்கான விஷம் அது. பெரும்பாலான வகைகளின் பல் நம் தோலைத் தாண்டாது. விஷச் சுரப்பியே இல்லாத ஒரு குடும்பமும் இருக்கிறது. இரையை நூலால் இறுக்கிச் சுற்றியே கதையை முடித்துவிடும். அந்தக் குடும்பத்துச் சிலந்திகள் நம் வீட்டு மூலைகளிலும் வலை போடும்.

மேல்நாட்டில் கறுப்பு விதவை என்று பெயரெடுத்த லாட்ரோடெக்டஸ் இனத்தின் உறவுகள் இந்தியாவிலும் பதிவாகியிருக்கின்றன. கல்லுக்கு அடியிலும் கட்டை இடுக்கிலும் ஒதுங்கி வாழும் கூச்சப் பிராணிகள். துரத்தி வந்து கடிப்பதில்லை. கடித்தால் தசைப்பிடிப்பும் வியர்வையும் கடும் வலியும் வரும், டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். உலகத்தில் ஆபத்தானது என்று முதலில் சொல்லப்படும் சிட்னி நகரத்துப் புனல்வலைச் சிலந்தி ஆஸ்திரேலியாவில்தான் இருக்கிறது. அங்கேயும் 1981இல் விஷமுறிவு மருந்து வந்த பிறகு அதனால் யாரும் இறந்ததாக உறுதியான தகவல் இல்லை. நம் ஊரில் பாம்பைப் பற்றிய பயத்துக்குக் கணக்கு இருக்கிறது. சிலந்தியைப் பற்றிய பயத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை.

கழிப்பறை இருக்கைக்கு அடியில் சிலந்தி ஒளிந்திருந்து கடித்ததில் பலர் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

புரளி. இது வாட்ஸ்அப்புக்கும் மூத்தது. 1999இல் அமெரிக்காவில் மின்னஞ்சலில் கிளம்பியது. முதலில் இல்லாத ஒரு சிலந்திக்குப் பெயர் வைத்து எழுதினார்கள். பிற்பாடு டெலமோனியா டிமிடியேட்டா என்ற நிஜச் சிலந்தியின் பெயரைச் செருகினார்கள். அது ஆசியத் தோட்டங்களில் இலை மேல் தாவித் திரியும் அழகான, அப்பாவிச் சிலந்தி. கழிப்பறைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சுவரில் குதித்துக் குதித்துப் போய், நின்று நம்மையே திரும்பிப் பார்க்கிறதே ஒரு குட்டிச் சிலந்தி?

குதிக்கும் சிலந்தி. சிலந்தி என்றாலே ஓடுகிறவர்கள்கூட இதைப் பார்த்துப் பயப்படுவதில்லை. எனக்குத் தெரிந்து காரணம் அந்தப் பார்வைதான். எட்டுக் கண்ணில் முன்னால் இருக்கும் இரண்டு பெரியவை; அவற்றின் லென்ஸ் அசையாது, உள்ளே இருக்கும் விழித்திரைக் குழாய் மட்டும் அசையும். பக்கக் கண்ணில் அசைவு தெரிந்ததும் உடம்பையே திருப்பி முன் கண்ணால் பார்க்கும். அதனால்தான் நம்மைக் கவனிப்பது மாதிரி இருக்கிறது. மாதிரி என்ன, கவனிக்கத்தான் செய்கிறது.

வலையில் உட்கார்ந்து காத்திருக்கிற ஆள் இல்லை. ஈயைப் பார்த்து, பதுங்கி, பின்னால் ஒரு நூலை ஒட்டிவிட்டுத் தாவும். தவறினால் அந்த நூலில் தொங்கி ஏறி வந்துவிடும். ஆண் பெண்ணுக்கு முன்னால் காலைத் தூக்கி ஆடிக் காட்டும்; பிடிக்காவிட்டால் உயிரோடு திரும்புவது அதன் சாமர்த்தியம்.

இதே குடும்பத்தில் போர்ஷியா என்று ஒன்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. காய்ந்த சருகுத் துணுக்கு போல இருக்கும். மற்றச் சிலந்திகளைத் தின்பதுதான் தொழில். அடுத்தவர் வலையின் ஓரத்தில் நின்று, பூச்சி மாட்டிக்கொண்டது போல நூலை மீட்டும். வீட்டுக்காரச் சிலந்தி ஆசையாக வரும். அந்தத் தாளம் பலிக்காவிட்டால் வேறு தாளம் மாற்றிப் பார்க்கும். நேர்வழி இல்லை என்றால் இரை கண்ணுக்கு மறைகிற மாதிரி சுற்றிப் போய் மேலிருந்து இறங்கும். குண்டூசித் தலை அளவுகூட இல்லாத மூளையில் இத்தனை திட்டம்.

உங்களுக்கு மிகவும் பிடித்த சிலந்தி எது?

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக்குப் போகிறவர்களுக்கு முசுறு தெரியும். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. கொட்டை பொறுக்கப் போனால் கழுத்தில் விழுந்து கடிக்கும். மாமரத்திலும் இருக்கும். அந்தக் கிளையில் ஊர்கிற எறும்பு வரிசையிலிருந்து சற்று விலகித் தனியாக ஒன்று போய்க்கொண்டிருந்தால் உற்றுப் பாருங்கள். அது எறும்பாக இல்லாமலும் இருக்கலாம். மிர்மாப்ளாட்டா என்ற குதிக்கும் சிலந்தி அது. முசுறு நிறம், முசுறு அளவு, இடையில் முசுறு போலவே ஒடுக்கம். எறும்புக்கு ஆறு கால், இதற்கு எட்டு. மிச்சம் இருக்கும் முன்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டே நடக்கும்.

முசுறு கடி பொறுக்காமல் பறவைகளும் மற்ற வேட்டைக்காரர்களும் ஒதுங்குவார்கள். வேஷம் போட்டவருக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது. ஆனால் நிஜ முசுறுகளிடம் மாட்டிக்கொண்டால் கிழித்துப் போட்டுவிடும். எனவே கூட்டத்தோடு இருப்பது மாதிரி தோன்ற வேண்டும், கூட்டத்தில் கலந்தும்விடக்கூடாது. எறும்பு நெருங்கினால் நூலில் சட்டென்று தொங்கி விலகிவிடும். வேஷம் கலைவது அந்த நூலில்தான். எறும்பு நூலில் தொங்காதே! ஆண் சிலந்தி இன்னும் வேடிக்கை. அதன் தாடை முன்னால் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு எறும்பு இன்னொரு எறும்பைத் தூக்கிக்கொண்டு போவது போலவே இருக்கும்.

அதே மரத்தில் இன்னொரு வேஷக்காரரும் இருக்கலாம். அமிசியா என்ற நண்டுச் சிலந்தி. பின்பக்கத்தில் எறும்புக் கண் போல இரண்டு கறுப்புப் பொட்டு இருக்கும். முன்னவர் வேஷம் போடுவது தப்பிப்பதற்கு. இவர் போடுவது முசுறைப் பிடித்துத் தின்பதற்கு. ஒரே எறும்பு, இரண்டு நாடகம். முந்திரியைக் கெடுக்கும், தேயிலைக் கொசு என்று பெயர் பெற்ற சாறு உறிஞ்சும் பூச்சியை முசுறு கட்டுப்படுத்துகிறது என்பதால் மரத்தில் முசுறு இருப்பதே நல்லது என்பது வேறு விஷயம். கொட்டை பொறுக்குகிறவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், கிடைக்கிற பதில் உங்களுக்கு.

செம்பருத்திச் செடியில் வலை நடுவே பெருக்கல் குறி போட்டு உட்கார்ந்திருக்கிறதே?

ஆர்ஜியோப் இனம். கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து நான்கு மூலைக்கும் நீட்டி, வெள்ளை நூலால் வளைத்து வளைத்துப் பின்னிய அந்தக் குறியின் மேலேயே தலைகீழாக உட்காரும். எதற்கு அந்தக் குறி? புற ஊதா ஒளியைத் திருப்பி அனுப்பிப் பூச்சியை இழுக்க என்று ஒரு கட்சி. பறவை வலையில் மோதாமல் இருக்க எச்சரிக்கை என்று இன்னொரு கட்சி. தன் உருவத்தை மறைக்க அல்லது பெரிதாகக் காட்ட என்று மூன்றாவது. ஆராய்ச்சியாளர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. விரலை அருகே கொண்டு போனால் வலையையே ஊஞ்சலாக ஆட்டும். ஆட்டம் வேகமாகும்போது சிலந்தி மங்கலாகிவிடும். பக்கத்தில் அரிசி அளவில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் குஞ்சு என்று நினைக்க வேண்டாம், அவர்தான் கணவர்.

முள்வேலியில் அழுக்குப் பஞ்சு மாதிரி மொத்தையாகக் கூடு தெரிகிறது. புழுவா?

புழு இல்லை. கூட்டுக்குடும்பம் நடத்தும் சிலந்தி. ஸ்டெகோடிஃபஸ் சரசினோரம் என்று பெயர். இந்தியாவின் வறண்ட பகுதிகளில் கருவேல முள்ளிலும் வேலியிலும் சாதாரணம். சிலந்தி என்றால் ஒன்றையொன்று தின்னும் தனிக்கட்டை என்றுதான் நினைப்போம். இந்த வகை நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டில் வாழும். பெரும்பாலும் பெண்கள்தான். வெட்டுக்கிளி போன்ற பெரிய இரை மாட்டினால் நாலைந்து சேர்ந்து இழுக்கும், பங்கு போட்டுச் சாப்பிடும்.

குஞ்சு வளர்ப்பைக் கேட்டால் சிலருக்குச் சாப்பாடு இறங்காது. தாய் முதலில் தான் செரித்ததைக் கக்கி ஊட்டும். பிறகு தன்னையே கொடுக்கும். குஞ்சுகள் தாயை உயிரோடு உறிஞ்சித் தீர்த்துவிடும். முட்டையிடாத சித்திகளும் அந்த ஊட்டலில் சேர்ந்துகொள்வார்கள். இதைத் தியாகம் என்று சிலர் உருகுகிறார்கள், கொடூரம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். இரண்டும் மனிதக் கணக்கு. எனக்கு இதில் ஆச்சரியம், பசியோடு இருக்கும் இத்தனை வேட்டைப் பிராணிகள் ஒரு வீட்டில் சண்டை போடாமல் இருப்பதுதான்.

ஒட்டடை அடிக்கலாமா, கூடாதா?

தாராளமாக அடியுங்கள். தூசி படிந்த வலை பெரும்பாலும் காலி வீடு. மூலையில் நீளக் காலோடு தலைகீழாகத் தொங்கி, தொட்டால் கிடுகிடுவென்று சுழல்கிறதே, அது மட்டும் உயிருள்ள குடித்தனம். கொசுவைப் பிடிக்கும். அதை விட்டுவிட்டு அடித்தால் நல்லது. உலகத்திலேயே கொடிய விஷம் இதற்குத்தான், பல் சின்னது என்பதால் தப்பித்தோம் என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரமில்லாத கதை.

வெட்டுக்காயத்தில் ஒட்டடையை வைத்து அழுத்தலாமா?

வேண்டாம். பழைய வழக்கம்தான், ஆனால் பரண் ஒட்டடையில் நூலைவிடத் தூசியும் பல்லி எச்சமும்தான் அதிகம். சுத்தமான துணியால் அழுத்துங்கள்.

வயலில் சிலந்தி இருந்தால் நல்லதா?

நல்லது. பாகூர், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல் போடுகிறவர்களுக்கு முக்கியமாக இது தெரிய வேண்டும். புகையான் என்ற பூச்சி நெல் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாறு உறிஞ்சும். ஓநாய்ச் சிலந்தியும் அங்கேதான் திரியும். தண்ணீர் மேலேயே ஓடும். ஒன்று ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை பிடிக்கும். மேலே இலைப் பகுதியில் நீளத் தாடைச் சிலந்தி காலை முன்னும் பின்னும் நீட்டி இலையோடு இலையாகப் படுத்திருக்கும், தத்துப்பூச்சியைப் பார்த்துக்கொள்ளும்.

பயிர் நட்டுக் கொஞ்ச நாளிலேயே நாலு பூச்சியைக் கண்டதும் மருந்து அடித்தால் முதலில் சாவது சிலந்தி. புகையான் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். பொரித்து வரும்போது தடுக்க ஆள் இல்லை. மருந்து அடித்த வயலில் புகையான் அதிகமாக வருவது இப்படித்தான். முதுகில் குஞ்சுகளை மூட்டையாகச் சுமந்துகொண்டு ஓடும் சிலந்தியை வரப்பில் பார்த்தால், அடுத்த தலைமுறைக் காவல்காரர்கள் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிலந்தியைக் கொல்வது பாவம் என்று பாட்டி சொல்கிறாரே?

பாட்டி சொல்வதற்குப் பின்னால் ஒரு சோழ ராஜாவே இருக்கிறார். திருவானைக்காவில் வெண்நாவல் மரத்தடிச் சிவலிங்கத்தின் மேல் சருகு விழாமல் இருக்கச் சிலந்தி ஒன்று பந்தல் போல வலை பின்னியது. அதே லிங்கத்துக்குத் தும்பிக்கையில் நீர் கொண்டு வந்து பூஜை செய்த யானைக்கு அது அசுத்தமாகப் பட்டது, தினமும் கலைத்தது. கோபத்தில் சிலந்தி தும்பிக்கைக்குள் புகுந்து கடிக்க, யானை தரையில் அறைய, இரண்டும் மாண்டன. அந்தச் சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது புராணம். நல்ல நேரத்துக்குப் பிறப்பைத் தள்ளிப்போடத் தாய் கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டச் சொன்னாள். தாமதமாகப் பிறந்த குழந்தையின் கண் சிவந்திருந்தது, அதனால் செங்கணான். யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டினான். திருமங்கையாழ்வார் பாடலில் அந்தக் கணக்கு எழுபது.

நம் மாவட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. 63 நாயன்மாரில் ஒருவரான கோச்செங்கணான் தில்லைவாழ் அந்தணர்களுக்கு மாளிகைகள் கட்டிக்கொடுத்து, தில்லையிலேயே இறைவனடி சேர்ந்தார் என்கிறது பெரியபுராணம். அதாவது சிதம்பரத்தில். பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்த அப்பரும் இந்தச் சிலந்தியைத் தேவாரத்தில் பாடியிருக்கிறார். காளத்தியிலும் சிலந்தி, பாம்பு, யானை மூன்றும் பூஜை செய்து முக்தி பெற்றதாகச் சொல்வார்கள். இத்தனை பெருமை இருந்தும் கோயில் பிரகாரத்தில் சிலந்தி தெரிந்தால் செருப்பைத் தேடுகிறோம், செருப்பு வாசலில் இருப்பதால் அது பிழைக்கிறது.

பாவமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கொல்ல அவசியமில்லை என்று மட்டும் சொல்வேன்.

பிரெஞ்சுக்காரர்களிடமும் இப்படி நம்பிக்கை உண்டா?

உண்டு. காலையில் சிலந்தியைப் பார்த்தால் துக்கம், மாலையில் பார்த்தால் நம்பிக்கை என்று அவர்களிடம் ஒரு பழமொழி. நம் வீட்டு வேட்டைச் சிலந்தி இரவில்தான் வெளியே வரும் என்பதால் புதுச்சேரிக்காரர்களுக்கு எப்போதும் யோகம்தான்.

புலிச் சிலந்தி வளர்க்க வேண்டும் என்று பையன் கேட்கிறான். வாங்கலாமா?

வேண்டாம். மரப்பொந்தில் வாழும் பொசிலோதேரியா இனத்தைத்தான் கேட்கிறான். கால் அடியில் மஞ்சளும் கறுப்புமாக, பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அந்த ஆசைதான் அதற்கு எமன். ராமேஸ்வரம் அனுமவிலாசம் கோயில் பக்கத்தில் கண்டுபிடித்து 2004இல் பெயர் சூட்டிய வகை இப்போதே அழிவின் விளிம்பில் இருக்கிறது. ஆந்திராவில் குத்தி (Gooty) என்ற ஊரின் ரயில்வே மரக்கிடங்கில் முதலில் கிடைத்து 1899இல் பெயர் பெற்ற நீல வகை ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 2001இல், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில்தான் திரும்பத் தென்பட்டது. வெளிநாட்டில் நல்ல விலை. 2019இல் இந்த இனம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். கடித்தால் சாவு வராது, ஆனால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் படுத்தும். பையனுக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.

என் மகள் சிலந்தியைப் பார்த்தால் அலறுகிறாள். பிறவியிலேயே வரும் பயமா?

கொஞ்சம் பிறவி, மிச்சம் நாம் கொடுத்தது. 2017இல் ஜெர்மனியில் ஆறு மாதக் குழந்தைகளுக்குச் சிலந்திப் படமும் பூப் படமும் காட்டினார்கள். சிலந்தியைப் பார்த்தபோது கண்ணின் பாப்பா அதிகமாக விரிந்தது. அது உஷார்நிலை, பயமே அல்ல. அந்த உஷாரின் மேல், வீட்டில் பெரியவர் ஒருவர் கட்டில் மேல் ஏறிக் கத்தினால் பயம் ஒட்டிக்கொள்ளும்.

கட்டாயப்படுத்திக் கையில் விடுவது, முகத்தருகே காட்டிச் சிரிப்பது இரண்டும் கூடாது. முதலில் படம். அப்புறம் தூரத்திலிருந்து தோட்டத்துச் சிலந்தி. அப்புறம் மூடிய கண்ணாடிப் பாட்டிலில் குதிக்கும் சிலந்தி, அதுவும் அவளே கேட்டால். பள்ளிக்கூடம் போக முடியாத அளவுக்குப் பயம் என்றால் மனநல மருத்துவர் இதே வழியை முறையாகச் செய்வார். நன்றாகப் பலன் தரும் சிகிச்சை இது.

மழைக்கு அப்புறம் ஏன் எங்கே பார்த்தாலும் நூல்?

தண்ணீர் ஏறினால் தரையில் வாழும் சிலந்திகள் செடிக்கும் மரத்துக்கும் ஏறிவிடும். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2010 வெள்ளத்துக்குப் பிறகு மரங்கள் முழுசாக வலையால் மூடிக்கிடந்த படங்கள் உலகம் சுற்றின. நம்முடைய ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் சிலந்தி அதிகமாகத் தெரிவதும் அதனால்தான்.

மழை விட்டு வெயில் வந்த காலையில் காற்றில் மிதந்து முகத்தில் ஒட்டும் ஒற்றை நூல் வேறு கதை. குஞ்சுச் சிலந்திகள் செடி நுனியில் ஏறி, பின்பக்கத்தைத் தூக்கி நூலை விட்டு, அதோடு பறந்துபோகும். 1832இல் டார்வின் போன கப்பலில், அர்ஜென்டினா கரையிலிருந்து சுமார் 60 மைல் தள்ளி நடுக்கடலில், ஏராளமான குட்டிச் சிலந்திகள் வந்து இறங்கின. காற்று மட்டுமல்ல, வளிமண்டலத்தின் மின்புலமும் அவற்றைத் தூக்குகிறது என்று 2018இல் இங்கிலாந்தில் செய்த சோதனை காட்டியது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் முகத்தில் நூல் ஒட்டினால் திட்டாதீர்கள். ஏதோ ஒரு குஞ்சு குடிபெயர்ந்த தடம்.

பார்க்க ஆசை வந்துவிட்டது. எங்கே, எப்போது போகலாம்?

பகலில் என்றால் புதுச்சேரி தாவரவியல் பூங்காவில் இலையின் அடிப்பக்கங்களைத் திருப்பிப் பார்த்தாலே அரை நாள் ஓடிவிடும். ஊசுட்டேரிக் கரை நன்றாக இருக்கும். மழை முடிந்து மார்கழி, தை மாதங்களில் வலைகளில் பனி கோத்திருக்கும். காலை ஏழு மணிக்குள் போனால்தான் அது தெரியும்.

இரவில் என்றால் டார்ச்சை நெற்றிக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் பிடித்துப் புல்தரையைப் பாருங்கள். பனித்துளி போலப் பச்சையாக மினுக்கும் புள்ளிகள் தெரியும். நெருங்கிப் போனால் ஒவ்வொன்றும் ஓநாய்ச் சிலந்தியின் கண். தலையில் மாட்டும் விளக்கு இருந்தால் இன்னும் சௌகரியம். மூடிய செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள், தரையைப் பார்த்து நடங்கள். பாம்பும் அந்த நேரத்தில்தான் இரை தேடி வரும்.